கருகிய சுருளில் ஒரு பொருளியல் வினா

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, இத்தாலியின் ஹெர்குலேனியம் மாளிகை ஒன்றிலிருந்த நூற்றுக்கணக்கான பாப்பிரஸ் சுருள்கள் கரிக்கட்டைகளாயின. 1752 முதல் அவை கண்டெடுக்கப்பட்டும், பிரிக்க முயன்றபோது பல பொடிந்துபோயின. கென்டக்கி பல்கலைக்கழகக் கணினி அறிஞர் பிரென்ட் சீல்ஸ், சுருளை எக்ஸ் கதிரால் படமெடுத்துக் கணினியிலேயே விரிக்கும் வழியைக் கண்டார். ஆனால் தாளும் கரி, மையும் கரி. மையின் தடத்தைப் பிரித்தறியச் செயற்கை நுண்ணறிவு தேவைப்பட்டது.

2023இல் அப்படங்கள் இணையத்தில் திறந்துவிடப்பட்டு, பரிசுப் போட்டி அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் மூன்று இளைஞர்கள் 7 லட்சம் டாலர் பெரும்பரிசை வென்றனர். என்னை ஈர்த்தவை இடையிடையே வழங்கப்பட்ட சிறு பரிசுகளே. அவற்றைப் பெறுவோர் தம் நிரலை அனைவருக்கும் வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. போட்டியாளர்கள் ஒருவர் தோள்மீது மற்றவர் ஏறிச் சென்றனர். தரவுகளைப் பூட்டிவைத்துக் காக்கும் ஆய்வு நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பது நல்லது.

அப்போது படிக்கப்பட்டது சுருளில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். எழுதியவர் எபிக்யூரஸ் மரபினரான பிலோடெமஸ் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அரிதாகக் கிடைப்பது ஏராளமாகக் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா? பற்றாக்குறையையும் மதிப்பையும் வகுப்பறையில் விளக்கியே காலம் கழித்த எனக்கு, அந்த வினா வியப்பூட்டியது. உடனே ஆமென்று ஒப்புக்கொள்ள அந்நூலாசிரியர் ஆயத்தமாக இல்லை.