பெயர் கூறப்படாத புரவலர்

சாசனமொன்றைப் படிக்கப் புகும் வரலாற்று மாணவன் முதலில் வினவுவது, அதனைப் பொறிப்பித்தவர் யார் என்பதாகும். மருத்துவக் கட்டுரைகளைப் படிப்போரும் இவ்வினாவை எழுப்புதல் தகும் என்பதற்கு, 1967ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியான கட்டுரையொன்று சான்றாகின்றது.

இருதய நோய்க்குக் காரணம் கொழுப்பா, சீனியா என்ற விவாதம் அக்காலத்தில் நிலவியது. இங்கிலாந்தில் ஜோன் யுட்கின் சீனியையே குற்றஞ்சாட்டி வந்தார். ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்கண்டி, ஹெக்ஸ்ரெட், ஸ்ரெயர் ஆகிய மூவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை மதிப்பிட்டு, உணவில் கொழுப்பின் தன்மையை மாற்றுதலும் கொலஸ்ரெறோலைக் குறைத்தலுமே வேண்டப்படுவன என முடித்தனர். தம் ஆய்வுகளுக்குப் பொருளுதவிய நிறுவனங்களை அவர்கள் குறிப்பிட்டிருந்தனர். ஆயின், ஒரு பெயர் விடுபட்டிருந்தது.

அப்பெயர் வெளிவர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. ஐக்கிய அமெரிக்கச் சீனிக் கைத்தொழிலினர் நிறுவிய சீனி ஆய்வு மன்றத்துக்கு ஆலோசகராக விளங்கியவர் இரசாயனவியலாளர் றொஜர் அடம்ஸ். இல்லினோய் பல்கலைக்கழகச் சுவடிக்கூடத்திலிருந்த அவருடைய கடிதங்களையும் ஹாவாட்டில் எஞ்சியிருந்த ஆவணங்களையும் ஆராய்ந்த கிறிஸ்ரின் கேர்ன்ஸ் முதலியோர், 2016இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1965இல் அம்மன்றம் இம்மதிப்பீட்டுக்கென 6,500 டொலர் வழங்கியிருந்தது. அதன் நோக்கத்தையும் தானே வகுத்தது. கவனத்திற் கொள்ளவேண்டிய கட்டுரைகளை அனுப்பியது. அச்சேறுமுன் வரைவுகளையும் பெற்றுப் பார்த்தது.

மூவரும் விலைபோயினர் என்று இதனைக்கொண்டு தீர்ப்பளித்தல் எளிது, சரியாகாது. இத்தகைய உறவுகளை வெளியிடுமாறு அச்சஞ்சிகை கட்டுரையாசிரியர்களைக் கோரத் தொடங்கியது 1984இலேதான். 2018இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இவ்விடயத்தை மறுபரிசீலனை செய்த ஜோன்ஸ், ஒப்பன்ஹைமர் இருவரும், பிற்கால நியமத்தால் முற்காலத்தவரை அளப்பதைக் கண்டித்தனர். ஹெக்ஸ்ரெட் கொழுப்புப் பற்றிய தம் கருத்தைத் தமது சொந்தப் பரிசோதனைகளிலிருந்தே பெற்றிருந்தார் என்பதும் உண்மை.

எனினும் இவ்விளக்கம் என்னை முற்றாக அமைதிப்படுத்தவில்லை. ஒருவரது கருத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தமக்கு உவப்பான கருத்துடையவரைத் தேடி எழுத்துப்பணியை ஒப்படைத்தாலே போதும். எழுதியவர் நேர்மையாளராயினும், எழுதுவித்தவர் யார் என்பதை 1967இன் வாசகன் அறியவில்லை. அடம்ஸ் தமது கடிதங்களைக் குப்பையில் இட்டிருப்பாராயின், நாமும் பெரும்பாலும் அறிந்திருக்க மாட்டோம்.