படியாள் கடனும் கணிப்பொறிக் கணக்கும்

ஊர்க்கணக்கு என்றால் நம் முன்னோர் காலத்தில் நிலக்கணக்கு என்றே பொருள். கர்ணம் எழுதிவைத்த ஏடுகளில் நஞ்சை உண்டு, புஞ்சை உண்டு, தீர்வை உண்டு. அந்த நஞ்சையில் நாற்று நட்டவரின் குடிசையில் எத்தனை வாய்கள், எவ்வளவு கடன் என்பதற்கு அங்கே இடமில்லை. நிலமில்லாதவர் கணக்கிலும் இல்லாதவராயினர். வீடு வீடாகச் சென்று வாழ்க்கை நிலையைக் கேட்டெழுதும் முறை நம் பக்கத்தில் எவ்வாறு தொடங்கியது, அது எவ்வாறு கணிப்பொறியில் வந்து சேர்ந்தது என்னும் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயச் செய்து, அவற்றை 1918இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் நமக்கு மிக அண்மையிலுள்ளது இருவேல்பட்டு. அன்று தென்னார்க்காட்டிலும் இன்று விழுப்புரம் மாவட்டத்திலும் உள்ள ஊர் அது. அங்கே கண்ட படியாள் முறையை ஸ்லேட்டரின் நூல் ஒளிக்காமல் எழுதியது. திருமணம் போன்ற செலவுக்காக வாங்கிய கடன் தீர்வதேயில்லை. அது தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். நிலம் கைமாறினால் அதனுடன் படியாளும் கைமாறுவான். இச்செய்தி அச்சேறியது சிறிய காரியமன்று.

அதே ஊருக்கு 1930களில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மறு ஆய்வு வந்தது. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1981இல் எஸ். குகன், ஜோன் மெஞ்சர் ஆகியோரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் ஆராய்ந்தனர். ஒரே ஊரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தொடர்ந்து நோக்கியதனால்தான், நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததும், உழவுக்கு வெளியே பிழைப்புத் தேடிய கூலி மக்களின் சார்புநிலை குறைந்ததும் சான்றோடு தெரிந்தன. மேடைப் பேச்சில் மாற்றம் வந்தது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம். அட்டவணையிடம் அந்தச் சலுகை கிடையாது.

நாடு முழுவதற்குமான மாதிரிக் கணக்கெடுப்பு 1950இல், மகலனோபிசின் முயற்சியால் தொடங்கியது. படிவத்தின் விடைகள் எண்களாக மாற்றப்பட்டு, அட்டையில் துளைகளாக இடப்பட்டு, இயந்திரத்தால் பிரித்து எண்ணப்பட்டன. பின்னர் கணிப்பொறி வந்தது. எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் மென்பொருள் 1968இலும், ஸ்டேட்டா 1985இலும் தோன்றின. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆர் என்பது விலையின்றிக் கிடைப்பது. நம் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது இதனையே. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தரவுகளையும் இன்று புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் விலையின்றிப் பெறலாம். அத்தரவுகளில் நாம் ஒரு குறியீட்டு எண்ணாகவே நிற்கிறோம்: சமூகப் பிரிவு என்னும் கட்டத்தில் பழங்குடியினர் 1, அட்டவணைச் சாதியினர் 2.

அந்த இரண்டைத் தனியே பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு ஊரின் சராசரி மட்டுமே கிடைக்கும். சராசரியோ ஏமாற்றும். பத்து வீடுள்ள ஊரில் ஒன்பது வீடுகளுக்கு மாதம் 5,000 ரூபாயும் ஒரு வீட்டுக்கு 95,000 ரூபாயும் வருவதாகக் கொள்வோம். சராசரி 14,000 ஆகும். அத்தொகை அந்த ஊரில் எவர் கையிலும் இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 5,000 என்னும் உண்மை வெளிப்படும். இதனை இடைநிலை என்று பத்தாம் வகுப்பிலேயே கற்பிக்கிறோம். மாணவர்கள் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிடுகின்றனர்.

மென்பொருளில் இறங்குபவர் முதலில் அறிய வேண்டியது, வீட்டுக்கொரு வரியுள்ள கோப்பு வேறு, ஆளுக்கொரு வரியுள்ள கோப்பு வேறு என்பதாகும். வீட்டு எண்ணைக் கொண்டு இரண்டையும் இணைத்தால்தான், எந்த வீட்டுப் பெண் பள்ளியை விட்டாள், அவ்வீட்டின் கடன் எவ்வளவு என்பன ஒரே வரியில் சேரும். அடுத்தது, விடை இல்லை என்பதற்கு இட்ட 99 என்னும் எண்ணை அகற்றுவது. அகற்றாவிடில் வயது தெரியாதவரெல்லாம் தொண்ணூற்றொன்பது வயதுக் கிழவராகிவிடுவர்! பொறி சிரிக்காது, கூட்டிக் கொடுத்துவிடும். மூன்றாவது, பெருக்குக் காரணி. மாதிரியில் வந்த ஒரு வீடு, வராத எத்தனை வீடுகளுக்காக நிற்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அதனை விட்டுவிட்டால் கிடைப்பது, சென்று கேட்ட வீடுகளின் கணக்கேயன்றி மாநிலத்தின் கணக்காகாது.

நம் நகரிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. பிரெஞ்சு ஆட்சி நீங்கியதை அடுத்து 1955இல் செயின்ட் லூயி தெருவில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சார்பில், 2010இல் கடலூர், விழுப்புரம் பகுதியின் பத்துக் கிராமங்களில் 405 குடும்பங்கள் ஆராயப்பட்டன. ஊர்த்தெருவில் பாதி, காலனியில் பாதி என்று திட்டமிட்டே எடுத்தனர். 2016–17இல் 492 குடும்பங்களிடமும், 2020–21இல் 632 குடும்பங்களிடமும் மீண்டும் கேட்டனர். முன்பு கேட்ட வீடுகளையே தேடிச் சென்றனர். இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தபோதே, 2016 நவம்பரில், பெரிய நோட்டுகள் செல்லாதவையாயின. கையில் பணமில்லாத நாள்களின் கடன் எவரிடம் பெறப்பட்டது என்பதற்கு அத்தரவு நேர்ச்சான்றாயிற்று.

படியாள் கடனைப் பற்றி ஸ்லேட்டரின் நூல் எழுதிய வட்டாரம்தான் இதுவும். இன்று கடன் வேறு உருவங்களில் நிற்கிறது: நுண்கடன் நிறுவனம், அடகுக்கடை, செங்கற்சூளை முன்பணம். இவற்றைத் தனித்தனியே கேட்டெழுதாமல் கடன் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டால், பெரும்பாலான வீடுகள் உண்டு என்றே சொல்லும், வேறு செய்தி எதுவும் கிட்டாது. குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்கும் பழைய வழக்கத்தை விடுத்து, இந்த ஆய்வில் வீட்டின் இளையவர் ஒருவரிடமும் தனியே வினவினர். கடன் எவர் பெயரில் உள்ளது என்றும் குறித்தனர். பெண்கள் பெயரில் வாங்கப்பட்டு, வாரந்தோறும் அவர்களே கட்டும் தொகைகள் தனி வரிகளாக நிற்பது அதனால்தான்.