மூலபாடமும் முன் சக்கரமும்

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய காந்தி வீதி நடைபாதையில் பழைய துணி, புத்தகம், இரும்பு என்று எல்லாம் கடை விரித்திருக்கும். அங்கே சாக்கின் மேல் கிடந்த புல்லட் முன்சக்கர டிரம் ஒன்றைக் கையிலெடுத்தவர், ‘ஒரிஜினலா?’ என்று கேட்டார். ‘பிரேக் புடிக்குமான்னு கேளுங்க சார், சொல்றேன்’ என்றார் கடைக்காரர். ஒரிஜினல் என்கிற சொல் யாருக்குத் தேவைப்படுகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

புல்லட்டின் வரலாற்றிலேயே இச்சொல் நிலைகொள்வதில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வண்டி அது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து மாறியது 1954 நவம்பரில்; அடுத்த ஆண்டு, இந்திய ராணுவத்தின் தேவையை முன்னிட்டு, ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு கருவிகளும் வந்து, திருவொற்றியூரிலேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. 1977 முதல் மெட்ராஸ் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. நாம் பக்கம் பக்கமாக எழுதும் ‘பிரதி’ என்ற சொல்லுக்கு நகல் என்றும் பொருளுண்டு. இங்கே நகல்தான் மூலத்தைப் பிழைக்க வைத்தது.

நகலைப் பிழைக்க வைத்தது யார்? பட்டறைக்காரர்கள். என் அப்பாவிடம் ஏலத்தில் எடுத்த பழைய புல்லட் ஒன்று இருந்தது. 1998இல் ஒரு காலை, மார்க்கெட் திருப்பத்தில் முன்பிரேக் பிடிக்கவில்லை. மீன் கூடையோடு குறுக்கே வந்த அம்மாவின் கணுக்கால் முறிந்தது. அவர் மூன்று மாதம் கடை போடவில்லை. எட்டு வயதில், டேங்கின் மேல் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தேன். மெக்கானிக் அண்ணன் அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: ‘இந்த பிரேக்க நம்பி சந்தைப் பக்கம் வராதீங்க சார். பின்னால வந்த வண்டியோட டிரம்ம போட்டுடலாம். ஆனா டிரம் மட்டும் மாத்துனா ஆள கொன்னுடும். ஃபோர்க்கையும் சேத்துதான் மாத்தணும்.’

ஏன் சேர்த்து? பழைய ஆறு அங்குல டிரம்மில் ஒரே கேம். இரண்டு ஷூக்களில் ஒன்றைச் சுழற்சி உள்ளே இழுத்து அழுத்தும், மற்றதைத் தள்ளிவிடும். பின்னால் வந்த ஏழு அங்குல டிரம்மில் இரண்டு கேம். இரண்டு ஷூவும் கவ்வும். (மேட்டில் வண்டி பின்னோக்கி உருண்டால் அதே இரண்டும் சோம்பிவிடும்.) ஷூக்களைத் தாங்கும் தட்டு சுற்றாமலிருக்க ஃபோர்க்கில் ஒரு பிடிமானம் உண்டு. அது சரியாகப் பொருந்தாவிட்டால் தட்டும் சக்கரத்தோடு சுழலும்; சக்கரம் இறுகி ஆளைத் தூக்கியெறியும். இதோடு ஆக்ஸில் கனம், கோன் செட், ஃபோர்க்கின் நீளம் எல்லாம் ஒத்துவர வேண்டும். நீளம் மாறினால் ஹேண்டில் குணமே மாறிவிடும்.

புல்லட்டில் இன்னொரு சிக்கல். ஹெட்லைட், ஸ்பீடாமீட்டர், ஆம்ப்மீட்டர், இரண்டு சிறு விளக்குகள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும் அந்த முகத்துக்கு ‘காஸ்கெட்’ என்று பெயர், பிரெஞ்சில் தொப்பி. (எஞ்சினில் வைக்கிற கேஸ்கெட் வேறு.) ஃபோர்க் குழாய்களின் தலை அதற்குள்தான் மரையேறும். வேறு கம்பெனி ஃபோர்க்கைப் போட்டால் வண்டி தன் முகத்தை இழக்கும். ஆகவே அண்ணன் பிந்தைய புல்லட்டிலிருந்தே எடுத்தார். ஆக்ஸிலுக்கு லேத்தில் புஷ் கடைந்தார். முகம் அப்படியே இருந்தது, பிரேக் பிடித்தது. எந்த ஏட்டிலும் இது பதிவாகவில்லை.

இனி சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதில் நியாயமே இல்லையென்று நான் வாதாட மாட்டேன். அரைகுறை வெல்டிங்கில் நிற்கும் ஃபோர்க் கொலைக்கருவி. ஆனால் மாற்றும் உரிமை யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். 1983இல் எஸ்கார்ட்ஸ் யமஹாவின் ஆர்டி350ஐ ராஜ்தூத் 350 ஆக இங்கே கொண்டுவந்தபோது, செலவைக் குறைக்க முன் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் போட்டது. பிரேக்கைக் குறைத்த கம்பெனியின் மாற்றம் ‘மாடல்’ ஆகிறது. பிரேக்கைக் கூட்டிய பட்டறையின் மாற்றம் ‘விதிமீறல்’ ஆகிறது. 2021இல் வந்த விண்டேஜ் விதிகள், அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சினில் பெரிய மாற்றமில்லாத 50 வயது கடந்த வண்டிகளுக்குத் தனி வரிசை எண் தருகின்றன. அன்றாடம் ஓட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஓடாத வண்டிக்கே மூலம் என்ற மரியாதை.

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு இடைச்செருகலை அடையாளம் கண்டு நீக்கக் கற்றுக்கொடுத்தார்கள். செருகியவன் எந்தத் தேவையில் செருகினான் என்று கேட்கக் கற்றுத்தரவில்லை. போன வருடம் அப்பாவின் வண்டியைப் பார்க்க வந்த சேகரிப்பாளர், ஆறு அங்குல டிரம்மைத் திரும்பப் போட்டுக் கொடுத்தால் கூடுதல் விலை தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. அந்த ஃபோர்க்கில் ஒரு மீன்காரம்மாவின் கணுக்கால் இருக்கிறது, பெயர் எழுதப்படாத ஒருவரின் கைவேலை இருக்கிறது.

தொழிலாளர் வரலாறு என்றால் நாம் ஆலையையும் சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும்தான் எழுதிவருகிறோம். நான்குக்கு எட்டடிப் பட்டறை அதில் இன்னும் நுழையவில்லை. அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார வேண்டியது நம் வேலை.