ஒலிபெருக்கிப் பெட்டி வடிவமைப்பு (ஹோம் தியேட்டர்)

ஒலிபெருக்கிப் பெட்டி வடிவமைப்பு என்பது, ஒலியெழுப்பும் இயக்கி, அதைத் தாங்கும் பெட்டி, அதிர்வெண்களைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்று ஆகியவற்றைக் குறிப்பிட்டதோர் அறைக்கு ஏற்பக் கணக்கிட்டு இணைக்கும் மின்ஒலியியல் பிரிவாகும். பெட்டிகளில் இரு வகைகள் முதன்மையானவை. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று இயக்கியின் கூம்பின் அசைவைக் கட்டுப்படுத்துகிறது. தாழ் எல்லைக்குக் கீழே ஒலி எண்மத்துக்கு (ஆக்டேவுக்கு) 12 டெசிபல் வீதம் குறைகிறது. பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டியில் பொருத்திய குழாயிலுள்ள காற்று ஒத்ததிர்ந்து தாழொலியை வலுப்படுத்துகிறது. ஆனால் அதன் எல்லைக்குக் கீழே குறைவு எண்மத்துக்கு 24 டெசிபல். 1954-இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் சிறிய மூடிய பெட்டியிலும் ஆழ்ந்த ஒலி இயலும் என நிறுவினார். 1961-இல் ஆஸ்திரேலியரான நெவில் தீல் பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டியை மின்வடிகட்டியாகக் கருதிக் கணக்கிட்டார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இயக்கியின் தரம் மட்டும் ஒலியைத் தீர்மானிப்பதில்லை, பெட்டியின் கன அளவும் அதே அளவு முக்கியமானது என்பதைத் தீல், ஸ்மால் ஆகியோரின் அளவுருக்கள் மெய்ப்பித்தன.

அறைக்கேற்ப ஒலியை மின்னணு முறையில் சீராக்கும் எண்முறை அறைத் திருத்தம் வந்தபின் தனிவடிவமைப்பு தேவையில்லை என்ற வாதம் உண்டு. அது பகுதியளவே பொருந்தும். திருத்தத்தின் வழியே ஒலியை 10 டெசிபல் கூட்ட, பெருக்கியின் திறன் 10 மடங்காக வேண்டும். கூம்பின் பயண எல்லையும் குறுக்கிடும். 5 மீட்டர் நீள அறையில் முதல் நிலையலை ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸில் எழுகிறது. அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடுவதால், அங்குள்ள ஒலிப் பள்ளம் நிரம்பாது. ஆகவே பெட்டியின் அளவும் தாழொலிக்கான சப்வூஃபர் வைக்கும் இடமும் முதலில் தீர்மானிக்கப்பட வேண்டியவை. மின்னணுத் திருத்தம் அவற்றுக்குத் துணையே.