ஒன்பது கெஜமும் ஒரு கௌதியும்

நம் அங்கத்தினர்களில் பலருடைய அகத்திலும் பரணில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் அம்மாவோ பாட்டியோ கட்டிக்கொண்ட ஒன்பது கெஜம் புடவைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பட்டாக இருந்தால் சரிகைக்கு விலை பேச ஆள் வருவான். நூல் புடவையாக இருந்தால் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் கூட இப்போது அதிகம் வருவதில்லை. தூக்கிப் போடவும் மனசு வருவதில்லை.

என் தாயார் 2016-ல் தமது 91-வது வயதில் காலமானார். மல்லேஸ்வரம் வீட்டில் அவருடைய பெட்டியைத் திறந்தபோது பதினோரு நூல் புடவைகள் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று யோசிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் பௌதிகம் படித்தவன். அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் பைல் பார்த்தவன். தையலுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனாலும் இந்தச் சரித்திரத்தில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பெருமைப்படக்கூடிய பங்கு அல்ல.

தார்வாடில் கிடைத்த பரிசு

1982-ல் என்னைத் தார்வாடுக்கு மாற்றினார்கள். அங்கேதான் எங்கள் மூத்த பெண் பிறந்தாள். ஆபீஸில் என்னுடன் வேலை பார்த்த நண்பரின் தாயார், எழுபது வயதுக் கன்னடத்துப் பாட்டி, குழந்தையைப் பார்க்க வந்தார். கையில் ஒரு கனத்த போர்வை. பழைய இளகல் புடவைகளை அடுக்கடுக்காக வைத்து, மேலே வண்ண வண்ணத் துண்டுகளைப் பதித்து, முழுவதும் நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டது. அதை அங்கே 'கௌதி' என்பார்கள். அவரும் அண்டை வீட்டுப் பெண்மணிகள் மூவரும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து மத்தியான வேளைகளில் தைத்ததாம்.

"புதுசு குத்தும், பழசுதான் குழந்தைக்கு ஆகும்" என்று சொல்லி என் மனைவியின் மடியில் வைத்தார்.

அவர் போனதும் என் தாயார், "யார் யார் கட்டின துணியோ! மடியா, விழுப்பா? கந்தலைப் போய் யாராவது கொண்டுவந்து கொடுப்பாளோ? குழந்தை மேலே போடாதேடி" என்றார். நானும் அதற்கு ஒத்துப் பாடினேன். கௌதி பரணுக்குப் போயிற்று. 1985-ல் பெங்களூருக்கு மாற்றல் வந்தபோது, லாரியில் இரும்பு பீரோ உராயாமல் இருக்க அதைச் சுற்றிக் கட்டினோம். வந்து இறக்கியபோது கிழிந்து கிரீஸ் படிந்திருந்தது. எறிந்துவிட்டோம்.

கந்தையும் கந்தாவும்

'கந்தை' என்ற சொல்லை நாம் இழிவாகச் சொல்கிறோம். ஸம்ஸ்கிருதத்தில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்டுத் தைத்த துணி. துறவிகள் போர்த்திக்கொண்டது அதைத்தான். பௌத்த பிக்ஷுக்களின் சீவரமும் துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததே. நம் பாட்டிமார்களும் "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றார்கள். எறிந்துவிடு என்று சொல்லவில்லை.

தமிழில் 'தையல்' என்றால் தைக்கும் தொழில், பெண் என்று இரண்டு பொருளும் உண்டு. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீதிகளைச் சொல்லும்போது துன்னகாரர் என்று தையற்காரர்களையும் குறிப்பிடுகிறது. ஆகவே ஊசியும் நூலும் நமக்குப் புதிதல்ல. ஆனால் வைதிக காரியங்களில் தைக்காத வஸ்திரமே உசத்தி என்ற வழக்கம் நம்மிடம் இருந்ததால், தைத்த துணி சற்றுக் கீழ்ப்படியில் இருந்தது. விளக்கு வைத்த பிறகு தைக்கக் கூடாது என்பார்கள். அகல் விளக்கு வெளிச்சத்தில் ஊசி தவறி விழுந்தால் குழந்தையின் காலில்தான் குத்தும். அந்தக் காரணம் நியாயமானதே.

வங்காளத்தில் இதே பழந்துணித் தையலுக்கு 'காந்தா' என்று பெயர். பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, தாமரை, யானை, தேர் என்று தைப்பார்கள். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வங்காளத்துத் தையல் போர்வைகளைப் போர்ச்சுகீசியர் லிஸ்பனுக்குக் கொண்டு போனார்கள். அவை பணக்காரர்களுக்கான பட்டுச் சரக்கு. வீட்டுக் காந்தாவை யாரும் மதிக்கவில்லை. அதை முதலில் மதித்துச் சேகரித்தவர்களில் ஒருவர் ஐ.சி.எஸ். அதிகாரியான குருசதய் தத் (1882–1941). கிராமங்களுக்கு அரசுப் பணியாகப் போன இடமெல்லாம் பெண்களிடமிருந்து காந்தாக்களைச் சேகரித்தார். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இவை இருக்கின்றன. அவரும் மாற்றலாகி ஊர் ஊராகப் போன அரசாங்க உத்தியோகஸ்தர்தான். அவர் பொக்கிஷமாக எடுத்து வந்ததை நான் பீரோவுக்குச் சுற்றினேன்.

பீஹாரில் இதற்கு சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, ராஜஸ்தான், ஸிந்து பக்கம் ரல்லி என்று பெயர். பெயர்தான் வேறு, பழந்துணி, அடுக்கு, ஓட்டுத்தையல், கூடி உட்காரும் நாலு பெண்கள் ஆகிய நான்கும் எங்கும் ஒன்றே.

எல்லாபூர் காட்டிலும் அலபாமாவிலும்

நம் கர்நாடகத்திலேயே இன்னொரு ஆச்சரியம் உண்டு. உத்தர கன்னட ஜில்லாவில் எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு தாலுகாக்களில் ஸித்தி என்ற மக்கள் வாழ்கிறார்கள். போர்ச்சுகீசியரும் அராபியரும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் சந்ததியார். அவர்களில் ஹிந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் மூவரும் உண்டு. 2003-ல் இவர்களுக்குப் பழங்குடியினர் அந்தஸ்து கிடைத்தது. இவர்களுடைய பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்த்' என்று பெயர். ஒரு மூலையில் ஆரம்பித்து ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். துண்டைப் பதிக்கும் தையலே அடுக்குகளையும் சேர்த்துப் பிடித்துவிடும். கடைசியில் நான்கு மூலைகளிலும் சிறிய முக்கோண மடிப்புகளைப் 'பூ' என்று சொல்லி வைப்பார்கள். பூ இல்லாவிட்டால் போர்வை பூர்த்தியாகாது.

அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவால் இவற்றை ஆராய்ந்து எழுதினார். 2011-ல் நியூயார்க்கின் ஷாம்பர்க் மையத்தில் இந்தப் போர்வைகளைக் கண்காட்சியாக வைத்தார்கள்.

இதே போன்ற கதை அமெரிக்காவிலும் நடந்தது. அலபாமா மாநிலத்தில் 'கீஸ் பெண்ட்' என்ற, ஆறு வளைந்து சூழ்ந்த கிராமம். அங்கும் அடிமைகளின் சந்ததியார். கிழிந்த வேலை உடுப்புகளைச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். 1966-ல் அந்த வட்டாரப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்க ஆரம்பித்தார்கள். 2002-ல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006-ல் அமெரிக்கத் தபால் துறை அவற்றை ஸ்டாம்பாக வெளியிட்டது. குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்தவர்களுக்கு, தாங்கள் செய்வது கலை என்று யாரும் அதுவரை சொல்லவில்லை.

மெஷின் வந்த கதை

1830-ல் பிரான்ஸில் திமோனியே என்ற தையற்காரர் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். பிழைப்புப் போய்விடும் என்று மற்றத் தையற்காரர்கள் அவருடைய மெஷின்களை உடைத்துவிட்டார்கள். 1846-ல் அமெரிக்கர் இலியாஸ் ஹோவ், 1851-ல் ஐசக் ஸிங்கர். ஊசியின் காதைக் கூர்முனைக்கு அருகே வைத்ததுதான் இதில் சூட்சுமம். மேல்நூல் துணிக்குள் இறங்கிக் கண்ணி போட, கீழே பாபினிலிருந்து வரும் நூல் அந்தக் கண்ணிக்குள் புகுந்து பூட்டிக்கொள்கிறது. 1856-ல் ஸிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்கத் தொடங்கியது; மெஷின் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. நம் நாட்டில் 1930-களில் கல்கத்தாவில் ஜே இஞ்சினீரிங் கம்பெனி உஷா மெஷினைச் செய்தது. இயந்திரங்களை அவ்வளவாக ஏற்காத காந்திஜி, 1924-ல் ஒரு பேட்டியில் தையல் மெஷினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் கண்ட அன்பினால் ஸிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம்.

நம் குடும்பங்களில் இளம் வயதில் கணவரை இழந்த எத்தனையோ பெண்மணிகளுக்குச் சோறு போட்டது இந்த மெஷின்தான். என் சித்தி தஞ்சாவூரில் டெய்லரிங் பரீட்சை பாஸ் செய்து, ரவிக்கையும் பாவாடையும் தைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பெங்களூருக்கும் துணி பழைய உறவு. 1884-ல் தொடங்கி, பின்னர் பின்னி மில் என்று பெயர் பெற்ற ஆலை இன்று இல்லை. சிக்கப்பேட்டை ஜவுளிக் கடைகள் இருக்கின்றன. ஹொசூர் ரோடு, மைசூர் ரோடு, பீண்யா பக்கம் காலை வேளையில் போனால் கார்மெண்ட் பாக்டரிக்குக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் போவதைப் பார்க்கலாம். அங்கே தையல் பிழைப்பு. திண்ணைத் தையலில் இருந்த பேச்சும் சிரிப்பும் அங்கே கிடையாது.

கொஞ்சம் பௌதிகம்

போர்வை உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. நம் உடம்புச் சூட்டை வெளியே போக விடாமல் தடுக்கிறது. தடுப்பது துணியை விட அதனுள் சிறைப்பட்ட காற்று. அசையாத காற்றின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.025, தண்ணீருக்கு 0.6. அதாவது இருபத்து நாலில் ஒரு பங்கு. ஒரே கனத்தத் துணியை விட, பல மெல்லிய அடுக்குகள் நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும். தையல் நெருக்கமாகிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. அகலமாகிவிட்டால் அடுக்குகள் நழுவும். சுமார் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை போட்ட அந்தத் தார்வாட் பாட்டி பௌதிகம் படிக்கவில்லை.

கணக்குப் பார்ப்போம். ஒன்பது கெஜம் என்பது 8.2 மீட்டர்; அகலம் 1.15 மீட்டர். பரப்பு சுமார் 9.4 சதுர மீட்டர். இரண்டு மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலமுள்ள போர்வையின் பரப்பு 2.8. ஒரே மடிசார் புடவையில் மூன்று அடுக்கு வந்து, மேலே பதிக்கத் துண்டும் மிஞ்சும். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை என்றால் எழுபது வரிசை. மொத்தம் 140 மீட்டர் தையல். சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் பதினாலாயிரம் தையல்! இதைத்தான் நான் லாரியில் கட்டினேன்.

பெங்களூரில் 1884 ஜனவரி 13-ல் குளிர் 7.8 டிகிரிக்கு இறங்கியது. இன்றுவரை அதுதான் ரிகார்ட். இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் மார்கழி விடியற்காலையில் பஜனைக்கு எழுந்திருப்பவர்களுக்குப் போர்வையின் அருமை தெரியும்.

ஆறு சனிக்கிழமை

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஹூப்ளியைச் சேர்ந்த ஒரு அம்மாள் இருக்கிறார். பெட்டியின் கதையை என் மனைவி சொன்னதும், "மாமி, கௌதி போடலாமே! பழசாக இருந்தால்தான் கஞ்சி போய், ஊசி சுகமாக இறங்கும்" என்றார். என் மனைவி, என் தங்கை, அந்த அம்மாள், கீழ் வீட்டு மாமி என்று நால்வர் சேர்ந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் காப்பிக்குப் பின் ஹாலில் ஜமக்காளம் விரிப்பார்கள். எனக்குக் கொடுத்த உத்தியோகம் ஊசியில் நூல் கோப்பது. கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு நல்ல பரீட்சை.

முதல் புடவையில் கத்தரி வைக்கும்போது என் தங்கை அழுதுவிட்டாள். "இது அம்மா என் சீமந்தத்துக்குக் கட்டிண்டது" என்றாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே கத்தரியை வாங்கி வெட்டினாள். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை வந்தது. அம்மா காசிக்குப் போனபோது கட்டியது, நான் வேலையில் சேர்ந்த முதல் தீபாவளிக்கு வாங்கியது என்று. என் தாயாரைப் பற்றி எனக்கே தெரியாத எத்தனையோ விஷயங்களை அந்த ஆறு சனிக்கிழமைகளில் கேட்டேன்.

கடைசி நாள் அந்த ஹூப்ளி அம்மாள் தம்முடைய பழைய இளகல் புடவையிலிருந்து ஒரு சிவப்புத் துண்டைக் கொண்டுவந்தார். "ஒரு மூலையில் எங்கள் ஊரும் இருக்கட்டும்" என்றார். நான் தார்வாட் சங்கதியை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பீரோ கீறல் படாமல் வந்ததல்லவா, ஸார்? போர்வை தன் வேலையைச் செய்திருக்கிறது" என்றார். அந்தப் பாட்டியும் நண்பரும் இப்போது இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு யாரும் இல்லை.

தார்வாடில் பிறந்த எங்கள் பெண் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். அவளுடைய பெண் கல்லூரி ஹாஸ்டலுக்கு அந்தக் கௌதியை எடுத்துப் போனாள். மறுபுறம் ஓரத்தில் என் தாயாரின் பெயரையும், தைத்த நால்வரின் பெயரையும், வருஷத்தையும் நூலாலேயே தைத்திருக்கிறோம்.

வெளியூர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் உள்ள பெட்டியை ஒரு சனிக்கிழமை திறந்து பாருங்கள். வெட்டுவதற்கு முன் அது யாருடைய புடவை, எப்போது வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிடுங்கள்; எந்த பாஷைக்காரர்களாக இருந்தாலும் சரி. என் போன்ற ஆண்பிள்ளைகள் ஊசி கோத்துக் கொடுக்கலாம். எங்கள் பெட்டியில் இன்னும் எட்டுப் புடவைகள் இருக்கின்றன.