நிறைவைச் சொல்லும் சொற்களும், ‘கேவலம்’ கெட்ட கதையும்

ஊரிலிருந்து ஓர் அழைப்பிதழ் பிழை பார்ப்பதற்காக எனக்கு வந்தது. வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமத்து ஜினாலயத்தில் திருப்பணி முடிந்து பஞ்ச கல்யாணப் பெருவிழா. கருவுறுதல், பிறப்பு, துறவு, கேவல ஞானம், மோட்சம் என்று தீர்த்தங்கரர் வாழ்வில் நிகழ்ந்த ஐந்து மங்கல நிகழ்ச்சிகளையும் முறையாகக் கொண்டாடுவது இவ்விழா. கல்யாணம் என்றால் இங்கே மங்கலம் என்று பொருள். தாலி கட்டும் கல்யாணம் அல்ல.

நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் எழுத்துப் படித்த என் பேத்தி, அந்தத் தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான்காம் நாள் நிகழ்ச்சிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“தாத்தா, கேவல ஞான கல்யாணம்னு போட்டிருக்கு. கேவலமான கல்யாணத்துக்கு எதுக்கு இன்விடேஷன் அடிக்கிறாங்க?”

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஊரிலிருந்து தம்பி மகன் போன் செய்தான். “பெரியப்பா, இங்கேயும் பசங்க சிரிக்கிறாங்க. கேவலங்கிற வார்த்தையை எடுத்துட்டு ‘முழு ஞானம்’னு போட்டுடலாமான்னு கமிட்டியில கேக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?” எனக்கு இரண்டு நாள் தவணை கொடு என்றேன். அந்த இரண்டு நாளும், அதற்குப் பின்னும் தேடியதன் பயன்தான் இக்கட்டுரை.

நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு 1979-ல் பம்பாய்க்கு வந்து, பாத்திரக் கடையில் கணக்கு எழுதி, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவன். வாடிக்கையாளர் வராத மத்தியான நேரங்களில் அகராதி புரட்டுவது என் வழக்கம். ஆகவே ஒரு கடைக்காரன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

நான்கு வகை நிறைவு

குறை ஒன்றும் இல்லாத நிலையை எல்லா மொழிகளும் சொல்லித்தான் பார்க்கின்றன. ஆனால் அதற்கென்று யாரும் புதுச்சொல் படைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளையோ செயலையோ காட்டித்தான் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அந்தக் காட்சிகள் நான்கு. நான்கும் என் கடைக்குள்ளேயே இருக்கின்றன.

முதலாவது, நிறைந்தது. படியில் அரிசி தலைதட்ட நிற்பது போல. நம் ‘நிறைவு’ இதுதான். நிறை என்ற சொல்லுக்கு எடை என்றும் பொருள். தராசுக்குப் பழைய பெயர் நிறைகோல். வடமொழியில் ‘பூர்ணம்’. இதே வேரிலிருந்து வந்தவைதான் லத்தீனின் ‘ப்ளேனுஸ்’, ஆங்கிலத்தின் ‘ஃபுல்’. ஆதியில் இருந்த பகரம் ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாகத் திரிந்தது என்பது மொழிநூல் விதி. பௌர்ணமி நிலாவிலும், கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணத்திலும், மராட்டியர் வீட்டுப் புரண்போளியிலும் இருப்பது இந்த வேரே. அரபு மொழியின் ‘கமால்’ என்பதற்கும் நிறைவு என்றே பொருள். சூஃபி ஞானிகள் நிறைமனிதனை ‘இன்ஸான் அல் காமில்’ என்றனர். அந்தக் கமால்தான் இந்திக்கு வந்து, பஜாரில் ‘கமால் ஹை’ என்று ஆச்சரியச் சொல்லாக நிற்கிறது.

இரண்டாவது, முடிந்தது. ஆங்கிலத்தின் ‘பர்ஃபெக்ட்’ லத்தீன் ‘பெர்ஃபெக்டுஸ்’ என்பதன் வழி வந்தது; கடைசி வரை செய்து தீர்த்தது என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய காலத்தில் அது பிரெஞ்சு வாடையோடு ‘பர்ஃபிட்’ என்றே இருந்தது. பின்னால் வந்தவர்கள் லத்தீனைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். கிரேக்கர் ‘தெலெயோஸ்’ என்றார்கள். ‘தெலோஸ்’ என்றால் முடிவு, எல்லை. தமிழில் இதற்கு நேரான சொல் ‘முற்று’. பயிர் முற்றும், வினை முற்றும், கதையும் முற்றும். வடமொழியில் ‘சித்தம்’. செய்து முடித்தவர் சித்தர். எங்கள் வழிபாட்டில் எட்டு வினைகளையும் தீர்த்து உலகின் உச்சியில் இருப்பவர் சித்த பரமேட்டி. இதே சொல் வங்காளத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? கல்கத்தா அரிசி மண்டியில் ‘சித்த சால்’ என்றால் புழுங்கலரிசி! வெந்து முடிந்தது, அவ்வளவுதான். ஒரே சொல் உலகின் உச்சியிலும் இருக்கிறது, உலைப்பானையிலும் இருக்கிறது.

மூன்றாவது, உடையாதது. பித்தளைக் குடம் வாங்க வருகிறவர் விரலால் தட்டிப் பார்ப்பார். கீறல் இருந்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். பூசைக்கு எடுக்கும் அட்சதை என்பதற்கே ‘சிதையாதது’ என்று பொருள்; அதனால்தான் நொய்யை அட்சதைக்கு எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் முழுமையைக் குறிக்கும் ‘ஹோல்’, உடல்நலத்தைக் குறிக்கும் ‘ஹெல்த்’, புனிதத்தைக் குறிக்கும் ‘ஹோலி’ மூன்றும் ஒரு வேரில் பிறந்தவை. ஜப்பானியர் குறையற்றதை ‘கன்பெகி’ என்கிறார்கள். அதன் எழுத்துக்களுக்குப் பொருள் ‘பழுதுபடாத பச்சைக்கல் வட்டு’. பதினைந்து நகரங்களைத் தருவதாகச் சொல்லி அந்தக் கல்லைக் கேட்டான் சின் நாட்டு அரசன். அவன் ஏமாற்றப் பார்க்கிறான் என்று கண்டுகொண்ட சாவ் நாட்டுத் தூதர் லின் சியாங்ரு, கல்லைப் பழுதில்லாமல் தன் நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். சீன வரலாற்றாசிரியர் சுமா சியென் எழுதிவைத்த கதை இது.

நான்காவது, கலப்பில்லாதது. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். ஒன்றும் சேராவிட்டால் தனிச் செம்பு. தங்கக்காரர் ‘பத்தரை மாற்று’ என்பதும், இந்திக்காரர் ‘சோலா ஆனா’ என்று பதினாறு அணாவையும் எண்ணிச் சொல்வதும் இந்தக் கணக்கில் சேரும். அணா 1957-லேயே போய்விட்டது. பேச்சில் மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது. இந்த நான்காம் வகையைச் சேர்ந்ததுதான் ‘கேவலம்’.

தனிமையே முழுமை

‘கேவலம்’ மிகப் பழைய சொல். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், பிறர்க்கு ஈயாமல் தனியே உண்பவனைக் கண்டிக்கும் இடத்தில், ‘தனியே’ என்ற பொருளில் வருகிறது. மணம் செய்துகொள்ளாதவனைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘கைலெப்ஸ்’ என்பதையும் இதற்கு உறவாகக் காட்டுவர் மொழிநூலார். ஆங்கிலத்தில் பிரம்மசாரியைக் குறிக்கும் ‘செலிபேட்’ அதன் வழி வந்தது. ஆக, அடிப்படைப் பொருள் தனிமை, இன்னொன்று ஒட்டாமை.

சமணர் கண்ணில் உயிரின் இயல்பே முழு அறிவுதான். பாத்திரத்தில் களிம்பு ஏறுவது போல வினை அதன் மேல் ஏறியிருக்கிறது. அறிவை மறைப்பது, காட்சியை மறைப்பது, மயக்குவது, இடையூறு செய்வது என்ற நான்கு காதி வினைகளும் நீங்கினால், உள்ளே இருந்த அறிவு வேறெதன் துணையும் இன்றித் தனித்து விளங்கும். அதுவே கேவல ஞானம். எங்கிருந்தோ வாங்கி நிரப்பியது அல்ல. தேய்த்துத் தேய்த்து வெளிப்பட்டது. மகாவீரர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தவமிருந்து, தம் 42ஆம் வயதில் இதை எய்தினார் என்பது எங்கள் மரபு.

சாங்கியரும் யோகிகளும் இதே சொல்லிலிருந்து ‘கைவல்யம்’ என்ற சொல்லை எடுத்து வீடுபேற்றுக்கு வைத்தனர். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் கடைசிப் பாதம் கைவல்ய பாதம். தமிழில் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் இருக்கிறது. வேடிக்கை பாருங்கள்: தாய்ச்சொல் கேவலம், பிள்ளை கைவல்யம். பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் இன்றும் மரியாதை இருக்கிறது. தாயைத்தான் தெருவில் நிறுத்திவிட்டோம்.

இறங்கிய படிகள்

எப்படி இறங்கியது? எனக்கு இரண்டு படிக்கட்டுகள் தெரிகின்றன.

முதற் படிக்கட்டு பேச்சு வழக்கு. தனி என்பதிலிருந்து ‘மட்டும்’ என்ற பொருள் வருவது எளிது. இந்தி, மராட்டி, வங்காளம், தெலுங்கு ஆகியவற்றில் இச்சொல் அந்தப் படியில் நின்றுவிட்டது. ரயிலில் பெண்கள் பெட்டிக்கு ‘கேவல் மஹிலாவோன் கே லியே’ என்று எழுதியிருப்பதற்கு, மகளிர்க்கு மட்டும் என்பதே பொருள். ஊரிலிருந்து புதிதாக வந்த நாட்களில் அதைக் கேட்டுத் திடுக்கிட்டவன் நான்! தமிழ் மட்டும் அங்கே நிற்கவில்லை. ‘மட்டும்’ என்பது ‘வெறும்’ ஆயிற்று, வெறும் என்பது அற்பம் ஆயிற்று, அற்பம் இழிவாயிற்று. “கேவலம் பத்து ரூபாய்க்கா இவ்வளவு சண்டை?” என்று கேட்கிறோமே, அதில் நடுப்படி இன்னும் அழியாமல் இருக்கிறது. அங்கே கேவலம் என்பது வெறும் என்ற பொருளில்தான் நிற்கிறது. அடுத்த படியில்தான் “கேவலமான பயல்”.

இரண்டாவது, சமய வழக்கு. சைவ சித்தாந்தத்தில் உயிரின் நிலைகள் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று. உடலும் கருவிகளும் இல்லாமல் ஆணவ இருளில் அறிவின்றிக் கிடப்பது கேவலம். அதாவது எங்களுக்கு உச்சிப்படியாக இருக்கும் சொல், அவர்களுக்கு அடிப்படி. ஆனால் அவர்கள் சொல்லைத் திரித்துவிட்டார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. இரண்டு இடத்திலும் பொருள் தனிமைதான். எதை விட்டுத் தனித்தது என்பதில்தான் வேறுபாடு. வினையை விட்டுத் தனித்தால் சமணரின் கேவலம். கருவிகளை விட்டு, ஆணவத்தோடு மட்டும் கிடந்தால் சைவரின் கேவலம். இரு சாராரும் தத்தம் கணக்கில் சரியாகவே எழுதியிருக்கிறார்கள்.

தனிமையைக் குறித்த சொல் தாழ்வது நம்மிடம் மட்டும் நடந்ததல்ல. கிரேக்கத்தில் ‘இடியோடேஸ்’ என்றால் பொதுக்காரியத்தில் சேராத தனி ஆள். அதுதான் ஆங்கிலத்தில் ‘இடியட்’ ஆயிற்று. ‘சில்லி’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்றவன் என்று பொருள்பட்டது. தமிழில் நாற்றம் ஒருகாலத்தில் நறுமணமாக இருந்தது. அசோகர் தம் கல்வெட்டில் எல்லாப் பாசண்டங்களையும் மதிக்கச் சொன்னார். அங்கே பாசண்டம் என்பது சமயப் பிரிவு. இன்று இந்தியில் ‘பாகண்டி’ என்றால் வேஷக்காரன். எங்களைக் குறிக்கும் அமணர் என்ற சொல்லும் ‘அம்மணம்’ என்பதோடு ஒட்டிக்கொண்டது வேறு கதை. மாறாக, மேலே ஏறிய சொற்களும் உண்டு. ஆங்கிலத்தின் ‘நைஸ்’ லத்தீனில் ‘அறியாதவன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்று அது பாராட்டு. விழுந்த சொல் எழவே எழாது என்று விதி ஒன்றும் இல்லை.

நான் சொன்ன பதில்

இவ்வளவும் தேடிய பிறகு எனக்கே ஒரு வெட்கம் வந்தது. தினமும் காலையில் கேவலி அருளிய அறமே மங்கலம் என்று வழிபட்டுவிட்டுக் கடைக்குப் போகிறேன். போன இடத்தில் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து, “கேவலம் ஒரு டம்ளரை ஒழுங்கா பேக் பண்ணத் தெரியலையா?” என்று பையன்களைத் திட்டுகிறேன். நாற்பது வருஷமாக ஒரே வாயால் இரண்டையும் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு நாளும் அது என் காதில் விழவில்லை. குழந்தை சிரித்ததில் என்ன தப்பு? அவளுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்ததே நான்தானே!

தம்பி மகனுக்குப் போன் செய்தேன். “சொல்லை எடுக்க வேண்டாம்பா. நாம எடுத்துட்டா, சிரிக்கிறதுக்கு இருந்தது போயிடும். கேக்கிறதுக்கு இருந்ததும் சேர்ந்து போயிடும். குஜராத்தி ஜைனர், கன்னட ஜைனர் எல்லார் கோயில்லயும் இந்தப் பேர்தான். நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் அது தெரியாம போகணுமா? கேவல ஞான கல்யாணம்னே போடு. கீழே சின்ன எழுத்துல ‘வாலறிவு எய்திய திருநாள்’னு ஒரு வரி சேர்த்துடு.” வால் என்றால் தூய்மை, வெண்மை. கடவுள் வாழ்த்தில் திருவள்ளுவர் ஆண்ட ‘வாலறிவன்’ என்ற சொல்லிலிருந்து எடுத்தேன். வள்ளுவர் எச்சமயத்தவர் என்ற வழக்கை இங்கே நான் தொடரவில்லை. தமிழுக்கு அழகான சொல்லைத் தந்திருக்கிறார், அது போதும். கமிட்டியார் ஒப்புக்கொண்டு அப்படியே அச்சிட்டார்கள்.

விழாவுக்குப் பேத்தியையும் அழைத்துப் போனேன். திரும்பி வந்த பின் ஒருநாள் தாதர் ஸ்டேஷனில் நின்றபோது, பெண்கள் பெட்டியைக் காட்டி, “தாத்தா, அங்க பாருங்க, கேவல்” என்றாள். “அதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டேன். “ஒன்லி. வேற யாரும் ஏறக்கூடாது” என்றாள். வினையும் அப்படித்தான் அம்மா, வேறு எதுவும் ஏறக்கூடாது என்றேன். புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினாள்.

கடையில் அந்தச் சொல்லை வசவாகச் சொல்வதில்லை என்று ஒரு விரதம் எடுத்திருக்கிறேன். பழைய பழக்கம்; சில நாள் வாய் தவறிவிடுகிறது. பையன்கள் சிரிப்பார்கள். படி இன்னும் நிறையவில்லை. கற்றறிந்த பெரியோர் இக்கட்டுரையில் குறை கண்டால் பொறுத்து, திருத்தி அருள்வார்களாக.