பேட்டை: கோட்டைக்கு வெளியே நின்ற சொல்

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, புதுப்பேட்டை, ராயப்பேட்டை, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை. சென்னைவாசிகளின் வாயில் அன்றாடம் புழங்கும் பெயர்கள். பஸ் போர்டில் படிக்கிறோம், ஆட்டோக்காரரிடம் சொல்கிறோம். வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும் ‘பேட்டை’க்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், ‘ஏரியாதான், வேறென்ன?’ என்று பதில் வரும். நுங்கம்பாக்கமும் ஏரியாதான், திருவல்லிக்கேணியும் ஏரியாதான். அவை ஏன் பேட்டை ஆகவில்லை?

அகராதியைப் புரட்டினால் பாதி விடை கிடைக்கும். மீதிப் பாதி பழைய வரைபடங்களில் இருக்கிறது.

முதலில் அகராதி. பேட்டைக்குச் சொல்லப்படும் பொருள்களைத் தொகுத்தால் மூன்று தேறும். கோட்டையை அல்லது நகரத்தை ஒட்டிய புறநகர்; வணிகர்களும் தொழிலாளர்களும் கூடி வாழும் சந்தையூர்; வண்டி மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தங்கும் இடம். மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவைபோலத் தோன்றும். ஆனால் மூன்றிலும் சரக்கு இருக்கிறது, அதை விற்பவரும் செய்பவரும் இருக்கிறார்கள். மூன்றும் ஊரின் நடுவில் இல்லாமல் விளிம்பில் இருக்கின்றன.

சொல் அவ்வளவு பழையதும் அன்று. சங்க இலக்கியத்தில் பாக்கம் உண்டு, பட்டினம் உண்டு, சேரி உண்டு. பேட்டையை அங்கே காண்பதில்லை. கன்னடத்தில் இது ‘பேட்டெ’, தெலுங்கில் ‘பேட்ட’, மராத்தியில் ‘பேட்’. புணே நகரின் பழைய பகுதிகள் சோமவார் பேட், புத்வார் பேட், சுக்ரவார் பேட், சனிவார் பேட் என்று கிழமைப் பெயர்களால் அழைக்கப்படுகின்றன. நம் சேலத்திலும் ஒரு செவ்வாய்ப்பேட்டை உண்டு. கிழமையும் பேட்டையும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தாலே சந்தை வாசனை அடிக்கிறது. தக்காணத்திலும் தென்னாட்டிலும் கோட்டைகளும் அவற்றை நம்பிய வணிகமும் பெருகிய காலத்தில் மொழிக்கு மொழி கைமாறிப் பரவிய சொல் இது என்று கொள்ளலாம்.

இனி வரைபடம். 1698 முதல் 1709 வரை சென்னையில் ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். அவர் ஆணையின்படி அளந்து வரைந்த நகர்ப்படம் ஒன்று உண்டு. கடலோரமாகப் புனித ஜார்ஜ் கோட்டை. அதற்கு வடக்கே, தனி மதிலோடு, ஆங்கிலேயர்கள் ‘கறுப்பர் நகரம்’ என்று அழைத்த இந்தியர் குடியிருப்பு. அந்த மதிலையும் தாண்டி வடக்கே போனால் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு குடியிருப்புகள்: மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை, கிழக்கே முத்தியாலுப்பேட்டை. பெத்தநாயக்கன் என்பது ஊர்க்காவல் பொறுப்பைப் பரம்பரையாக வகித்தவரின் பட்டம். கோட்டைக்கு வெளியே நகரம், நகரத்துக்கும் வெளியே பேட்டை என்று மூன்று அடுக்காக இடங்கள் கிடக்கின்றன. அகராதி ‘புறநகர்’ என்று ஒரு சொல்லில் முடிப்பதை இந்தப் படம் கண்ணெதிரே விரித்துக் காட்டுகிறது.

இரண்டு பேட்டைகளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடியது. 1707–08இல் வலங்கை, இடங்கைச் சாதியினரிடையே பெரும் பூசல் வெடித்தபோது பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கு என்றும் முத்தியாலுப்பேட்டை இடங்கையினருக்கு என்றும் பிரித்துத்தான் கிழக்கிந்தியக் கும்பினியார் சமாதானம் செய்தார்கள். பிறகு 1780களில் ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்தப் பள்ளத்தைத் தூர்த்துச் சாலை போட்டார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் அதற்குக் கிழக்கே, தங்கசாலைத் தெரு மேற்கே. இன்றைய தெருப்படத்தைப் பழைய படத்தின் மேல் வைத்துப் பார்த்தால், பிராட்வேயின் இரு பக்கமும் தெருக்கள் வடக்கு தெற்காக அணிவகுத்து ஓடுவதையும், நடுவில் இந்த ஒரு சாலை மட்டும் எல்லைக்கோடாக நிற்பதையும் காணலாம்.

வலங்கை, இடங்கைப் பூசலுக்கும் பிராட்வேக்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் இந்தச் சொல்லின் கதையில் பெரிய திருப்பம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து நின்று சுட வசதி என்பதை இரு தரப்பும் உணர்ந்திருந்தன. பழைய கறுப்பர் நகரத்தில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள்; எஞ்சியதை அடுத்த பத்தாண்டில் ஆங்கிலேயர்கள் இடித்துத் திடலாக்கினார்கள். அங்கே இருந்த பட்டணம் கோயில்கூடத் தப்பவில்லை. அது பின்னர் பூக்கடைப் பக்கம் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்களாக எழுந்தது. வெறுமையான அந்தத் திடலில்தான் 1892இல் இன்றைய உயர்நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. இதற்கு அப்பால் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது என்று காட்ட 1773இல் ஆறு கல்தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இன்றும் நிற்கிறது.

நகரம் அழிந்தது, பேட்டைகள் மிஞ்சின. ‘கறுப்பர் நகரம்’ என்ற பெயர் இடம்பெயர்ந்து அவற்றின் மேல் ஏறிக்கொண்டது. ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்து மிரட்டிய பிறகு, 1770களின் தொடக்கத்தில், இந்தப் பேட்டைகளையும் வளைத்து மதில் எழுப்பினார்கள். மதிலுக்கு வெளியே இருப்பதாலேயே பேட்டை என்று பெயர் பெற்ற இடம் மதிலுக்குள் வந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ஜார்ஜ் டவுன் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். மதிலுக்கான வரியை மக்கள் தலையில் கட்ட நினைத்தார்கள். வரி வசூலாகாமல் போனாலும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சாலைதான் மதிலின் மேற்கு எல்லை. அதிலிருந்த வாயில் ஒன்றின் பெயரை யானைக்கவுனி இன்றும் தாங்கியிருக்கிறது. கவுனி என்றால் கோட்டை வாயில். வடக்கு மதிலில் எஞ்சிய துண்டைப் பழைய ஜெயில் சாலையில் பார்க்கலாம்; அதன் மேல் பூங்கா போட்டிருக்கிறார்கள்.

இதுவரை பார்த்தவை கோட்டையின் நிழலில் அமைந்த பேட்டைகள். வேறு சில, ஆணை போட்டே உண்டாக்கப்பட்டவை. கும்பினிக்கு வேண்டியது துணி. நெசவாளர்கள் தூரத்து ஊர்களில் சிதறிக் கிடந்தால் முன்பணம் கொடுப்பதும் சரக்கு வாங்குவதும் பெரும்பாடு. ஜோசப் காலெட் 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்தபோது திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடியமர்த்தினார். அது காலெட்பேட்டை, மக்கள் வாயில் காலடிப்பேட்டை. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், சுங்குராமர் என்ற வணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்னொரு நெசவூரை அமைத்தார். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை.

பழைய படங்களில் சிந்தாதிரிப்பேட்டையைப் பார்ப்பது தனி இன்பம். கூவம் ஒரு பெரிய வளைவு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ள, உள்ளே நேர்கோட்டுத் தெருக்கள். தானாக வளர்ந்த கிராமத்தில் தெரு இப்படி நூல்பிடித்தாற்போல ஓடாது. குளத்தைச் சுற்றியும் கோயிலைச் சுற்றியும் வளையும். வயல் வரப்பின் போக்கில் கோணும். இங்கே நெய்பவர், நூற்பவர், சாயம் தோய்ப்பவர், வெளுப்பவர், இவர்களுக்காகக் கட்டிய கோயிலுக்கு வேண்டியவர்கள் என்று யார் குடியிருக்கலாம் என்பதையே வரையறுத்து ஊரை அமைத்தார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் அந்தக் காலத்துச் சின்னங்கள். ‘சின்னத் தறிப் பேட்டை’தான் மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். ஒலியை மட்டும் வைத்து இதை உறுதிப்படுத்த முடியாது. ஆனால் தறிகளுக்காகவே ஊர் பிறந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

வண்ணாரப்பேட்டையும் இதே துணித் தொழிலின் இன்னொரு கண்ணி. நெய்த துணி கப்பல் ஏறுமுன் வெளுக்கப்பட வேண்டும். அதற்குத் தண்ணீரும் காயவைப்பதற்கு வெளியும் வேண்டும். ஆங்கிலேயர்கள் முன்பாதியை மட்டும் தம் மொழிக்கு மாற்றி ‘வாஷர்மென்பெட்’ என்றார்கள். பேட்டையைத் தொடவில்லை. அதற்குள் அது ‘பெட்டா’ என்று அவர்கள் மொழியிலேயே குடியேறியிருந்தது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி அதற்குத் தனிப்பதிவே கொடுக்கிறது.

ஊர்ப்பெயருக்குக் கதை கட்டுவது நம் மக்களுக்குக் கைவந்த கலை. அந்தக் கதைகளை உரைத்துப் பார்க்கவும் பழைய படமும் ஆவணமும் உதவும். குணங்குடி மஸ்தான் சாகிபு, தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்தவர். அந்தத் ‘தொண்டியார்’ வந்து தங்கியதால் தொண்டியார்பேட்டை, அதுவே தண்டையார்பேட்டை என்பது வெகுவாகப் பரவிய விளக்கம். சாகிபு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய மூன்று கிராமங்களும் கும்பினி கைக்கு வந்ததோ 1693இல். சாகிபு பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே ஊர் அங்கே இருந்திருக்கிறது. ஊருக்கு அவரால் பெருமை வந்தது, பெயர் வரவில்லை.

படத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம் ஆகிய பாக்கங்கள் ஏரியும் வயலும் சூழ்ந்த மேற்குப் பகுதியில் இருக்கின்றன. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 20ஆம் நூற்றாண்டில் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பும்வரை அவை பாசன ஊர்கள். பேட்டைகளில் பல கோட்டைக்கு வடக்கிலும் கூவக் கரையிலும் இருக்கின்றன. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் பாக்கம் என்றால் உழவை நம்பிய பழைய ஊர், பேட்டை என்றால் சரக்கை நம்பிய புதிய ஊர் என்ற பொதுவான போக்கு படத்தில் தெளிவாகவே தெரிகிறது.

சென்னைக்கு வெளியிலும் இதற்குச் சான்று கிடைக்கிறது. 1791இல் காரன்வாலிஸ் பெங்களூரை முற்றுகையிட்டபோது வரையப்பட்ட படங்களில் கோட்டையும் பேட்டையும் இரண்டு தனி உருவங்களாகத் தெரியும். தெற்கே சிறிய முட்டைவடிவக் கோட்டை; வடக்கே அதைவிடப் பெரிதாக, அகழியும் முள்வேலியும் சூழ்ந்த பேட்டை. மார்ச் 7ஆம் தேதி விழுந்தது பேட்டை. 21ஆம் தேதி இரவு விழுந்தது கோட்டை. அந்தப் பேட்டைதான் இன்றைய சிக்கபேட்டெ, பளேபேட்டெ, நகரத்பேட்டெத் தெருக்கள்.

கொழும்புச் சான்று இதைவிட நேரடியானது. டச்சுக்காரர்கள் தங்கள் படங்களில் கோட்டைக்குக் கிழக்கே இருந்த பகுதியைப் ‘பழைய நகரம்’ என்று குறித்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் மாறியது. முதல் சில ஆண்டுகள் ஆட்சி நடத்தியது சென்னைக் கும்பினி நிர்வாகம். அந்தப் பகுதி ‘பெட்டா’ ஆனது. இலங்கைத் தமிழர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது புறக்கோட்டை. பேட்டைக்கு இதைவிடச் சுருக்கமான உரை யாரும் எழுதிவிட முடியாது.

கோட்டைகளுக்கு வேலை போன பின்பும் சொல் ஓய்ந்து உட்காரவில்லை. தமிழ்நாட்டுப் பழைய ஊர்களில் வண்டிப்பேட்டை என்று ஓர் இடம் இருக்கும். சந்தைக்கு வந்த கட்டைவண்டிகள் அங்கே அவிழ்த்து நிற்கும். மாட்டுக்குத் தண்ணீர்த்தொட்டி, லாடம் கட்டுபவர், அச்சாணி பார்க்கும் ஆசாரி, இட்லிக்கடை எல்லாம் பக்கத்திலேயே. வண்டி போய் லாரி வந்தபோது பல ஊர்களில் அதே இடம் லாரி செட்டாக மாறியது. இன்னொரு பக்கம், ‘நம்ம பேட்டை’, ‘பேட்டை ரவுடி’ என்று பேச்சுத்தமிழில் சொல் பொதுப்பொருளுக்கு விரிந்தது. அங்கே பேட்டை என்றால் வெறும் ஏரியா இல்லை. ஒருவர் செல்வாக்குச் செல்லுபடியாகும் எல்லை.

இவ்வளவுக்கும் பிறகு 1958இல் கிண்டியில் அரசு, சிறு தொழில்களுக்காக நிலம் ஒதுக்கி, சாலை போட்டு, கொட்டகை கட்டி ஒரு தொழில் வளாகத்தை அமைத்தது. அதற்குத் தமிழில் தொழிற்பேட்டை என்று பெயர் வழங்கியது. அடுத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, பிறகு மாவட்டந்தோறும். ஆட்சியில் இருப்பவர் நகரத்தின் விளிம்பில் நிலம் பிடித்து, செய்வோரை அழைத்து வந்து குடியமர்த்தும் இடம் என்று விளக்கினால் அது கிண்டிக்கும் பொருந்தும், 1734ஆம் ஆண்டுச் சிந்தாதிரிப்பேட்டைக்கும் பொருந்தும். கலைச்சொல்லை உருவாக்கியவர்களுக்கு இந்த வரலாறு நினைவில் இருந்ததோ இல்லையோ, மொழிக்கு இருந்திருக்கிறது.

ஆகவே உங்கள் ஊரின் பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால் பேட்டைகளை முதலில் வட்டமிடுங்கள். அது யாருடைய கோட்டைக்கு, எந்தச் சந்தைக்கு, எந்தச் சாலைக்குப் புறமாக இருந்தது என்று தேடுங்கள். பிறகு அங்கே என்ன சரக்கு செய்தார்கள், அதை யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள். பாக்கத்தின் வரலாற்றுக்கு ஏரியைத் தேடிப் போக வேண்டும். பேட்டையின் வரலாற்றுக்கு அதை அமைக்க ஆணையிட்டவரின் கணக்குப் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும்.